நெல்லைக் களையெடுத்த டிரஸ்ட்

— நெல்லெல்லாம் பறிச்சாச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு ரெங்கம்மா.

— பறிச்சாச்சுங்க சாமி. வடக்கு மூலையில மட்டும் நாலு குத்து நிக்குது. கதிரு பால் புடிச்சிருக்கு. பறிக்கக் கை வரலேன்னு வேம்பு ஒக்காந்து அழுவுறா.

— அழறாளா? எதுக்கு?

— பொறந்ததுலேருந்து நெல்லுக்கு நடுவுல கோரையப் பறிச்ச கையி. இப்ப கோரைய விட்டுட்டு நெல்லப் பறிடின்னா அவ என்ன செய்வா? கதிர ஒடிச்சா பாலு ஒழுவுதாம். மாருல பாலு கட்டுன மாதிரி இருக்குதுங்கறா.

— அழுதுண்டே பறிக்கச் சொல்லு. மத்தியானம் ஆபீசர் ஜீப்புல வந்து எறங்கறச்சே இந்த அஞ்சு வேலி நெலத்துலயும் ஒரு நெல்லுகூட அவர் கண்ணுல படப்படாது. இது வனம். வனத்துல யாராவது நெல்லு வெளைஞ்சு பாத்திருக்கேளா?

— அத நெல்லுகிட்ட யாரு சொல்றது? ரெண்டு வருசமா ஏரு ஓட்டல, வெதைக்கல, எரு போடல. உதிர்ந்து கெடந்தது, மழ பேஞ்சா அதுபாட்டுக்கு மொளைக்குது. நீங்க டிரஸ்ட்டு எழுதுன விசயம் அதுக்குத் தெரியாதுல்ல.

— நக்கலா?

— ஐயோ, எனக்கு ஏதுங்க சாமி நக்கலு? கூலி கேட்டதுக்கே குடிசையப் பிரிச்சுட்டீங்க. நக்கலு வேற பண்ணுவனா?

— சரி சரி. பறிச்சத எங்க போட்டேள்?

— மாட்டுக்குப் போட்டோம்னு வச்சுக்குங்களேன்.

— வச்சுக்கறதாவது? எந்த மாடு?

— ரெண்டு காலு மாடு. போன வருசமும் அப்பிடித்தான் பறிச்சோம். முத்துன கதிரக் காய வச்சு, குத்தி, கஞ்சி காச்சுனோம். பரவால்லீங்க, டிரஸ்ட்டு நெல்லு நல்ல ருசிதான். களத்துல நீங்க அளந்து போடுறதுல பாதி பதரு. இதுல பதரே இல்ல.

— ஓய் பஞ்சநதம்! எங்க தொலைஞ்சீர்? இவளோட என்னைத் தனியா விட்டுட்டு எங்க போனீர்?

— இதோ வந்துட்டேங்கய்யா. மயிலத் தேடிப் போயிருந்தேன்.

— மயிலுக்கு என்ன?

— உள்ளதச் சொல்லணும்னா ஐயா, ரெண்டும் இங்க இல்ல. ஒண்ணு நம்ம வீட்டு மாடியில ஒக்காந்து அம்மா காயப்போட்ட வடகத்தக் கொத்திக்கிட்டிருக்கு. இன்னொண்ணக் கொஞ்ச நாளாவே காணும்.

— காணும்னா? வனத்துக்கு ஒரு லட்சணம் வேண்டாமான்னு நாகூர்ப் பட்சி வியாபாரி மூஸாகிட்டச் சொல்லி வரவழைச்ச மயில் ஓய் அது!

— கணக்குப்புள்ள ஏன் என்னையப் பாக்குறாரு? மயில நாங்க திங்கல சாமி. மொசலத்தான் தின்னோம்.

— மொசலத் தின்னுட்டேளா!

— நீங்க அவுத்து விட்ட அன்னிக்கே நரி பாதியத் தூக்கிக்கிட்டுப் போயிடிச்சு. மீதி வீணாப் போவுதேன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். காடுன்னா அப்பிடித்தானுங்களே? ஒண்ண ஒண்ணு திங்குறதுதான?

— ஈஸ்வரா! பஞ்சநதம், செடியாவது ஒழுங்கா நட்டீரா?

— நட்டேங்கய்யா. தஞ்சாவூர்லேருந்து வண்டி வச்சுக் கொண்டாந்தேன். கண்ணுக்கு நெறைவா நிக்குது.

— குரோட்டன்ஸ் சாமி. மஞ்சளும் செவப்புமா. தொட்டியோட பொதைச்சிருக்காரு கணக்குப்புள்ள. நேத்து மழையில மண்ணு கரைஞ்சு தொட்டியெல்லாம் தலையத் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒண்ணுல 'நல்வரவு'ன்னு எழுதியிருக்காம், பூவம்மா மவ படிச்சுச் சொன்னா.

— வனத்துல நல்வரவா ஓய்?

— ஏதோ கல்யாண வீட்டுத் தொட்டி போலருக்குங்கய்யா. மலிவாக் கெடைச்சுதுன்னு...

— இருக்கட்டும் சாமி, திட்டாதீங்க. வர்ற ஆபீசருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்ல.

— நீ வாய மூடு. வரப்பெல்லாம்?

— ஒடைச்சாச்சுங்க. எங்க மாமனாரு மண்ண வெட்டி அணைச்சு அணைச்சுக் கட்டுன வரப்பு. கட்டுனத விட ஒடைக்கத்தான் சாமி பாடுபட்டோம். கருங்கல்லாட்டம் இருக்கு. அவரு இருந்திருந்தா எங்களயும் சேத்து ஒடைச்சிருப்பாரு.

— மதகு?

— அத ஒடைக்க முடியலீங்கய்யா, சிமிட்டி. பெரியய்யா பேரு வேற அதுல பொறிச்சிருக்கு. கோவைக் கொடிய இழுத்து மேல போட்டு மூடியிருக்கேன்.

— கொடி வாடிப்போச்சு கணக்குப்புள்ள. காத்தால ஆடு மேஞ்சுடிச்சு. பெரியவரு பேரு பளிச்சுன்னு தெரியுது.

— கேளு ரெங்கம்மா, ஒனக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்கு சொத்து போற சமாச்சாரம். மூணு தலமொறையா இருவது வேலி, நூத்திமுப்பது ஏக்கரா மிராசு, கல்யாணம்ங்கற என்னோட குடும்பம். கழகத்துக்காரா வந்தா, நெல உச்சவரம்புன்னு சட்டத்தப் போட்டா. ஒரு குடும்பத்துக்குப் பதினஞ்சு ஏக்கராதானாம். பதினஞ்சு! எங்காத்து மாடு மேயறதுக்குப் போறுமோ அது?

— எங்க குடும்பத்துக்கு எத்தினி ஏக்கரா விட்டாங்களாம்?

— ஒங்களுக்கு ஏது நெலம்?

— அதான் கேட்டேன். ஒங்களுக்கு உச்சவரம்பு வச்சாங்க, எங்களுக்கு ஒரு அடிவரம்பு வைக்க மறந்துட்டாங்க போலருக்கு.

— பேசத் தெரிஞ்சுடுத்து ஒங்களுக்கெல்லாம். பெரியவன் பேருக்குக் கொஞ்சம், சின்னவன் பேருக்குக் கொஞ்சம், பொண்ணு, மாப்பிள்ளை, மச்சினன் ஆனந்தம், எல்லார் பேருக்கும் எழுதியாச்சு. பொறக்கப் போற பேரனுக்குக்கூட எழுதி வச்சேன்.

— அது பொண்ணாப் பொறந்துடிச்சுன்னு சொன்னாங்களே.

— பேர மாத்தி எழுதிக்கலாம், அது கெடக்கட்டும். எல்லாம் போக இந்த வடக்குவெளி மிஞ்சித்து. இத எங்க ஒளிச்சு வைக்கறது? நாகப்பட்டணத்து வக்கீல் சொன்னார், 'பொது தர்மத்துக்கு எழுதி வையும். இயற்கை நெலத்தக் காப்பாத்தற டிரஸ்ட்டுன்னு போடும். காடு, மரம், பட்சி, இதுல எவன் கை வைப்பான்? ஆனா ஊர்ஜனங்க சேந்து காப்பாத்தறாப்பல இருக்கணும், அதுதான் முக்கியம்'னார். அப்படி வந்ததுதான் ஸ்ரீ ஜகதாம்பாள் இயற்கை வன டிரஸ்ட். எங்கம்மா பேரு.

— பெரியம்மாவுக்கு மரத்தக் கண்டா ஆவாதே சாமி. வெட்டி அடுக்கி வெறகாக்குனாத்தான அவங்களுக்குத் தூக்கமே வரும்?

— செத்துப்போனவாளப் பத்திப் பேசாதே.

— அது நெசந்தானுங்களே. தொறப்பு விழா அன்னிக்கு மட்டும் என்ன? கட்சிச் செயலாளரு வந்து, 'வானுயர்ந்த வனமே, வளங்கொழிக்கும் இனமே'ன்னு ஒரு பொழுதுக்குப் பேசுனாரு. எங்க நின்னு பேசுனாரு? பந்தல்ல. பந்தலு எதுல போட்டீங்க? வயலுக்கு நடுவுல மேடாக் கெடக்குற திடல்ல உள்ள புன்னை மரத்துல கொப்பு கொப்பா வெட்டித்தான? காடு தொறக்குறதுக்கே காட்ட வெட்டுனது நம்ம டிரஸ்ட்டுதான்.

— அது ஒரு நாள் கூத்து. நீ எதுக்கு அதையெல்லாம் ஞாபகம் வச்சுண்டிருக்கே?

— நீங்கதான மேடையில ஏத்தி மாலையப் போட்டு ஊர்க் கமிட்டித் தலைவின்னீங்க? தலைவி ஞாபகம் வச்சுக்க வேணாமா?

— ஆமா, போட்டேன். ஊர்ஜனம் வேணும்னு வக்கீல் சொன்னார். ஒன் பின்னாடிதானே சேரியே வரது? செங்கொடியப் புடிச்சுண்டு என் வாசல்ல நின்னப்பவே பாத்தேனே. அதுக்காக நெஜத் தலைவின்னு நெனைச்சுண்டுட்டியா? புன்னைக்கு வெலை பேசி ஆள் அனுப்பிச்சேன், அவனத் திருப்பி அனுப்பிச்சியாமே?

— ஆமாங்க. மரத்துல கை வைக்கணும்னா கமிட்டித் தலைவிகிட்ட உத்தரவு வேணும்னேன். கும்புட்டுட்டுப் போயிட்டான்.

— பாத்தீரா ஓய்? என் மரத்த வெட்ட இவகிட்ட உத்தரவாம்!

— உள்ளதச் சொல்லணும்னா ஐயா, டிரஸ்ட்டு விதியில நாமதான் அப்படி எழுதி வச்சோம். வக்கீல் அய்யாதான் 'பாக்கறதுக்கு நல்லா இருக்கும்'னாரு.

— அதுவும் இல்லாம சாமி, இந்த அஞ்சு வேலியில நெசமான காடுன்னா அந்தத் திடலு ஒண்ணுதான். மத்ததெல்லாம் நம்மளாப் பண்ணுன காடு. புன்னை மேல கொக்கும் நாரையும் எடம் இல்லாமக் கூடு கட்டியிருக்கு. குஞ்சுங்க வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. கீழ குட்டையில கெண்டை துள்ளுது. எங்க ஆளுங்க யாரும் ஒரு கல்லு விட்டெறியறதில்ல, வெடி வெடிக்கிறதில்ல, தீவாளிக்குக்கூட. கமிட்டியில பேசி வச்சிருக்கோம்.

— கமிட்டியில பேசினேளா? கமிட்டி எப்ப கூடித்து?

— வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கூடுதே. நீங்க தலைவின்னுட்டுப் போயிட்டீங்க. நாங்க வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சோம். அப்பறம் பழகிப் போச்சு. காலையில எந்திரிச்சதும் மொதல்ல திடலப் பாக்காட்டி எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

— சரி, நல்லது. ஆபீசர்கிட்ட அதையும் சொல்லு. நெலத்துக்கு விலக்கு உத்தரவு கைக்கு வரட்டும், அப்பறம் மரத்தப் பாத்துக்கறேன்.

— அப்பறம் என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்றதாவது? ஆடியில ஏரப் பூட்ட வேண்டியதுதான். மரத்த வெட்டிட்டுத் திடலச் சமப்படுத்தி, குட்டையத் தூத்துட்டா இன்னும் ரெண்டு மா நெலம் கூடும்.

— அப்ப டிரஸ்ட்டு?

— அது காகிதத்துல இருக்கும்.

— அப்ப நாங்க?

— ஒங்களுக்கு எங்கயாவது ஒரு எடம் பாக்கலாம்.

— அந்த எங்கயாவதுல நாங்க நெறையத் தடவ குடியிருந்திருக்கோம் சாமி. தென்னந்தோப்பு ஓரத்துல இருந்தோம், இழுத்துப் போட்டீங்க. வாய்க்கா மேட்டுக்குப் போனோம், அங்கயும் வந்து இழுத்துப் போட்டீங்க. ஒவ்வொரு தடவையும் கீத்தும் மூங்கிலும் தலையில வச்சுக்கிட்டு நடந்திருக்கேன். இனிமே எனக்குத் தெம்பு இல்ல. நான் வேற எதுவும் கேக்கல. படுத்தா எந்திரிக்கிற வரைக்கும் தலைக்கு மேல அதே கூரை இருக்கணும்.

— இருக்கும், இருக்கும். இன்னிக்கு நல்லபடியா முடியட்டும்.

— ஐயா, உள்ளதச் சொல்லணும்னா எனக்கு அந்தக் குடிசையப் பத்தித்தான் ஒரு பயம். குடியிருப்புச் சட்டம்னு புதுசா வந்திருக்கே? மிராசுதாரு நெலத்துல குடிசை போட்டிருக்கற கூலிக்காரங்களுக்கு அந்த மனையே சொந்தம்னு. இவங்கள நாமளே கூட்டியாந்து இங்க வச்சுருக்கோம்...

— ஓய், இது யார் நெலம்?

— ஐயாவோட...

— யார் நெலம்?

— டிரஸ்ட்டு நெலம்.

— எனக்குப் பாத்தியம் உண்டோ?

— இல்லீங்க.

— அப்ப மிராசுதார் நெலம்னு எவன் சொல்லுவான்? அவா சட்டத்தாலயே அவா சட்டத்த மடக்கியாச்சு ஓய். நீர் கணக்கெழுதறதோட நிறுத்திக்கும். போய் கீழ்வேளூர் ரோட்டுல நில்லும். ஜீப் தலையக் கண்டதும் ஓடி வாரும்.

— வர்றது உச்சவரம்பு பாக்குற சீலிங் ஆபீசர்தானுங்களாய்யா? தலையாரி சொன்னது வேற மாதிரி... 'ஆபீசரு வர்றாரு, டிரஸ்ட்டு நெலத்தப் பாக்கணுமாம், அங்க இருக்கறவங்கள விசாரிக்கணுமாம்'னுதான் சொன்னான்.

— சீலிங் ஆபீசர் இல்லாம வேற எவன் இந்தக் காட்டுக்கு வரப் போறான்? போம் ஓய். அந்த 'நல்வரவ'யும் போற வழியில புடுங்கிப் போட்டுட்டுப் போம்.

— அவரு போறதப் பாருங்க சாமி. வரப்பு இல்லாம நடக்கத் தெரியாமத் தடுமாறுறாரு.

— அவன விடு. வா, இப்படி வந்து நில்லு. ஆபீசர் கேக்கறதுக்கெல்லாம் பதில் தயாரா இருக்கணும். நான்தான் ஆபீசர்னு வச்சுக்கோ. 'இது என்ன எடம்மா?'

— ஆபீசரு என்னைய 'அம்மா'ங்குறாரா? தேவலையே.

— ரெங்கம்மா!

— வனங்க.

— எத்தனை காலமா?

— காவேரி வர்றதுக்கு முந்தியே வந்துடிச்சுங்க.

— அவ்வளவு வேண்டாம். எங்க பாட்டன் காலத்துலேருந்துன்னு சொல்லு, போறும். 'இங்க சாகுபடி நடந்துண்டிருந்ததா?'

— நெல்லுன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாதுங்க.

— ஏய்!

— கொஞ்சம் அதிகமாப் போயிட்டேனா? சரி. சாகுபடி கெடையாதுங்க.

— அப்படிச் சொல்லு. 'நீங்கள்லாம் யாரு?'

— டிரஸ்ட்டுக் காவக்காரங்க.

— தப்பு. அங்கதான் கோட்டை விடுவே. காவக்காரான்னா, கூலிக்கு வந்தவா, நாளைக்கே போயிடுவான்னு எழுதிண்டுடுவார். ஊர்ஜனம்னு ஆகாது. 'நாங்க இங்கயே குடியிருக்கறவங்க. இந்த மண்ணுலதான் எங்க வீடு வாசல் எல்லாம். இந்த வனம் எங்க பொறுப்பு.' எங்க, சொல்லு.

— நாங்க இங்கயே குடியிருக்கறவங்க.

— இன்னும் கெட்டியா.

— இந்த மண்ணுலதான் எங்க வீடு வாசல் எல்லாம். ஏன் சாமி, நான் சொல்லிடுவேன். பக்கத்துல நிக்கிற ஒங்களப் பாத்து, 'இந்தம்மா சொல்றது நெசமா, இவங்கள ஒங்களுக்குத் தெரியுமா'ன்னு கேட்டா?

— நன்னாத் தெரியும்னு சொல்றேன். அதுல என்ன சந்தேகம்?

— இல்ல, போன தடவ தெரியாதுன்னீங்க. அதான் கேட்டேன்.

— எப்ப?

— தென்னந்தோப்புல குடிசைய இழுத்துப் போட்டப்ப. விசாரிக்க வந்த அதிகாரி எங்களக் காட்டி, 'இவங்க யாரு'ன்னாரு. எல்லாரும் நின்னோம். எங்க மாமியா செவ்வந்தி முன்னாடியே நின்னா. நீங்க அவ மூஞ்சிய நேராப் பாத்துட்டு, 'இவா யாருன்னே எனக்குத் தெரியாது, வெளியூர்லேருந்து வந்து புகுந்தவா'ன்னீங்க.

— அன்னிக்கு நெலம அப்படி. ஊரே ரெண்டு பட்டுக் கெடந்தது. யாரத் தெரியும்னு சொன்னாலும் வம்பு.

— சட்டி பானையெல்லாம் நொறுங்கிக் கெடந்துது. அதுக்கு அவ அழுவல சாமி. அதுலேருந்து சாவுற வரைக்கும் அவ ஒண்ணேதான் சொல்லிக்கிட்டிருந்தா. 'அந்தப் புள்ளைக்கு என்னையத் தெரியாதாமேடி'ன்னு. நாங்களும் கேட்டுப் பாத்தோம். ஊருல எத்தினியோ பேரு அவரு களத்துல வேல பாத்தாங்க, ஒன்னைய மட்டும் தனியாத் தெரியணும்னு ஏன் எதிர்பாக்குறேன்னு. வாயத் தொறக்கல. தலையத் தலைய ஆட்டிக்கிட்டா. போன ஐப்பசியில அப்பிடியே போயிட்டா.

— மணி என்னாச்சு இப்ப?

— ஏன் சாமி பேச்ச மாத்துறீங்க?

— ஒண்ணும் இல்ல. வெயில் ஏறிடுத்து. இன்னிக்குத் தெரியும்னு சொல்றேன், போறுமா?

— போதுங்க. அவளுக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல.

— அங்க யாரு, பஞ்சநதமா ஓடி வரது?

— ஐயா! ஐயா! ஜீப்பு மதகுகிட்ட வந்து நின்னுடிச்சு!

— மூச்சு விடும் ஓய். வரட்டும். பொம்மனாட்டிகள எல்லாம் மரத்தடிக்கு வரச் சொல்லு ரெங்கம்மா. ஊர்ஜனம் ஊர்ஜனமா நிக்கட்டும்.

— உள்ளதச் சொல்லணும்னா ஐயா, வந்திருக்கறது சீலிங் ஆபீசர் இல்லீங்க. வேற ஆளு. கூட சர்வேயரு, சங்கிலிய எடுத்துக்கிட்டு. எறங்குனதும், 'குடிசையெல்லாம் எந்தப் பக்கம்'னு கேட்டாரு. 'மனு போட்ட ரெங்கம்மா யாரு'ன்னாரு.

— மனுவா? என்ன மனுடி?

— குடியிருப்பு மனுங்க சாமி.

— இது டிரஸ்ட் நெலம்டி! என்னுது இல்ல!

— அதேதாங்க நானும் செங்கொடிச் சங்கத்துல கேட்டேன். யாரு நெலமா இருந்தா என்ன, சட்டத்துல போட்ட தேதிக்கு முந்தியே கூலிக்காரங்க குடிசை போட்டு இருந்தா மனை அவங்களுக்குத்தான்னாங்க. நாங்க வந்தது அதுக்கு முந்தின தையில. கூட்டியாந்ததே நீங்கதான். பொய்யா ஒரு வார்த்தகூட எழுதல. திடலயும் குட்டையயும் மனையில சேக்காதீங்க, அது காடாவே இருக்கட்டும்னும் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கெழமை கமிட்டியில முடிவு பண்ணுனது.

— விட மாட்டேன்! நேரா அவர்கிட்டப் போய்ச் சொல்றேன். இவா யாருன்னே தெரியாது, நேத்திக்கு வந்து புகுந்தவான்னு!

— சொல்லுங்க. ஒங்களுக்குப் பழக்கந்தான. ஆனா சாமி, நாங்க நேத்து வந்தவங்கன்னா, ஊர்ஜனங்க காப்பாத்துற வனம்ங்கறது பொய்யி. டிரஸ்ட்டு பொய்யி. இன்னிக்கு வராத சீலிங் ஆபீசரு நாளைக்கு வந்து அஞ்சு வேலியையும் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாரு. எங்களத் தெரியும்னா, எங்க குடிசை நிக்கிற எடம் மட்டுந்தான் போவும். கணக்குப் பாத்துக்குங்க.

— பஞ்சநதம், வாயத் தொறந்து ஏதாவது சொல்லுமேன் ஓய்! என்ன பண்றது?

— உள்ளதச் சொல்லணும்னா ஐயா... உள்ளதச் சொல்லிட்டுப் போறதத் தவிர வேற வழி இல்லீங்க.

— அவரு கிட்ட வந்துட்டாரு சாமி. வேர்வையத் தொடைச்சுக்குங்க. எங்களப் பாத்துத்தான் கைய நீட்டுறாரு.

— வாங்கோ சார், வாங்கோ! வழியெல்லாம் சேறு, பாத்து வாங்கோ. என்ன கேட்டேள், இவாளத் தெரியுமாவா? நன்னாக் கேட்டேள் போங்கோ. இவ ரெங்கம்மா. இவ மாமியார் செவ்வந்தி. சின்னப் பையனா நான் அதோ அந்த வாய்க்கால்ல முழுகிப் போனப்ப, மயிரப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டு என் உசிரக் காப்பாத்தினவ சார் அவ. அவ தொட்டுட்டாளேன்னு எங்கம்மா என்னை மறுபடியும் ஒரு தரம் முழுக்காட்டித்தான் ஆத்துக்குள்ள விட்டா.